யானையைப் பெட்டியில் அடைத்த அண்ணி

என் அண்ணிக்கு வாய் நீளம். நாத்தனார் புத்தியில் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டால் அவளே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வாள். அந்த வாய்தான் ஒரு நாள், எங்கள் ஆய்வுக்கூடத்துக் கூட்டத்தில் பெரிய சார் பேசிக்கொண்டிருக்கும்போதே, கடைசி நாற்காலியிலிருந்து, "சார், யானையை ஒரு பெட்டிக்குள்ள அடைச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டது.

எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அண்ணி அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததே பெரிய விஷயம். அவள் மின் பழுதுப் பிரிவின் ஆள். யானைக்கு ஏதோ கோளாறு என்று பார்க்க வந்தவளை, கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்று பெரிய சார் கொஞ்ச காலத்துக்கு இரவல் வாங்கி வைத்திருந்தார். இரவல் வந்த ஆள் இப்படி வாயைத் திறந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

யானை என்றால் நிஜ யானை இல்லை. ஒரு கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற பழைய உயர் மின்னழுத்த இயந்திரம். என் வேலை அதற்கு அடுத்த அறையில். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஓர் எஃகுப் பாத்திரம், பக்கவாட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குள் இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது நான். உள்ளே ஒன்றுமில்லாமல் ஆக்குகிறவள் என்பதால் எனக்குச் ‘சூன்யக்காரி’ என்று பெயர். வைத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பாத்திரத்துக்குள் துளியூண்டு வாயுவை விட்டு, யானையிடமிருந்து ஒரே ஒரு மின் அடி கொடுத்தால், வாயு உடைந்து ஊதா நிறத்தில் பளிச்சென்று எரியும். அதுதான் பிளாஸ்மா. கண் இமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட நிற்காத அந்த ஒரு அடிக்காகத்தான் இத்தனை பேர் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

தொல்லை என்னவென்றால், யானை அந்தக் கூடத்தில், பாத்திரம் இந்த அறையில். நடுவே மணிக்கட்டுப் பருமனில் நீளமான கேபிள். கிளம்பும்போது கத்தி மாதிரி கிளம்புகிற அடி, வந்து சேரும்போது மொண்ணையாகிவிடும். பிளாஸ்மாவுக்கு மொண்ணை அடி ஆகாது. போதாக்குறைக்கு யானை ஒரு தடவை பிளிறினால் என் மானிகள் எல்லாம் எகிறி அணைந்து போகும். நான் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாத்திரத்தின் தலைமேலேயே உட்காருகிற மாதிரி ஒரு சின்ன இயந்திரம் இருந்தால் கேபிளே வேண்டாம். அதை வெளிக் கம்பெனி ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கிவிடலாமா என்பதுதான் அன்றைய பேச்சு.

பெரிய சார் அண்ணியைப் பார்த்தார். "எவ்வளவு பெரிய பெட்டிம்மா?"

அண்ணி எழுந்து நின்று கையை விரித்துக் காட்டினாள். "ரெண்டு சாண் அகலம், நாலு சாண் உயரம் சார். சூன்யக்காரி பாத்திரத்து மேல ஜம்முனு உட்காரும்."

யாரோ சிரித்தார்கள். பெரிய சார் சிரிக்கவில்லை. "சரி, செய். நம்ம கூடத்தைப் பார்வையிடக் கமிட்டி வர்றதுக்குள்ள அது ஓடணும். ஓடிச்சுன்னா நீ இங்கேயே இருக்கறதைப் பத்திப் பேசலாம். ஓடலைன்னா வெளியில ஆர்டர் போட்டுடுவேன், நீ மறுபேச்சு பேசாம உன் பழைய பிரிவுக்குப் போயிடணும். சம்மதமா?"

"சம்மதம் சார்!" என்று கத்தினாள். நான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

வயதில் அவள் எனக்கு இளையவள், உறவில் மூத்தவள். அதனால் நேரில் ‘வாங்க, போங்க அண்ணி’, இப்படி எழுதும்போது ‘அவள்’. நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கீழே அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஆறு வயது மகள் வாண்டு. மாடியில் நான். அண்ணன் ஒரு அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவன். ஒரு மாதத்தில் அவன் பேசுவதை அண்ணி பல் தேய்க்கும்போதே பேசி முடித்துவிடுவாள். எப்படித்தான் இந்த இரண்டுக்கும் பொருந்தியதோ!

அன்று பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குப் பைத்தியமா அண்ணி? பழுதுப் பிரிவுல ராணி மாதிரி இருந்தீங்க. எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"என்னடி ராணி? செத்துப்போன யூபிஎஸ்ஸை எழுப்பி விடறேன், அது மறுபடி சாகுது, மறுபடி எழுப்பி விடறேன். இதே பொழைப்பு. நானும் உங்களை மாதிரிப் படிச்சவதானே? என் கையால புதுசா ஒண்ணு பொறக்கணும்டி. அது அந்தக் கூடத்துல இருந்தாத்தான் நடக்கும். திருப்பி அனுப்பிட்டாங்கன்னா என்னால தாங்க முடியாது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்குகிற வரை வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் வந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் பழைய அண்ணி திரும்ப வந்துவிட்டாள். அடுப்படியில் டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். உப்பு டப்பா கிடைக்காமல் அண்ணன் கையில் கரண்டியோடு திகைத்து நின்றான்.

"தொடாதீங்க, அது மூணாவது மாடி!" என்று அதட்டினாள்.

அவள் செய்யப் போகிற இயந்திரத்தின் சூட்சுமத்தை வாண்டுவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். பத்துப் பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று வயிறாரச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டு முடிந்ததும், ஒரே நொடியில், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்றுவிடுகிறார்கள். பத்தாவது ஆளின் தலை எங்கே இருக்கும்! அந்தப் பத்துப் பேர்தான் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பத்து கபாசிட்டர்கள். ஒவ்வொன்றிலும் இருபதாயிரம் வோல்ட் நிரப்பிவிட்டு, சட்டென்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் உச்சியில் இரண்டு லட்சம். சேர்த்து வைப்பது மின்பொறி. மாடிக்கு மாடி இரண்டு பித்தளைக் குண்டுகள் எதிரெதிரே நிற்கும், நடுவே சின்ன இடைவெளி. கீழ்மாடிக் குண்டுகளுக்கு நடுவே நாம் ஒரு பொறியைக் கிளப்பிவிட்டால் அடுத்த மாடி, அதற்கடுத்த மாடி என்று தானாகவே பொறி பாய்ந்துகொண்டு போக வேண்டும். யானைக்குள் நடப்பதும் இதேதான். ஆனால் யானைக்கு ஒரு கூடம் இருந்தது. இவளுக்கு நாலு சாண்.

கூடத்தில் அதற்குப் பிறந்ததுமே ‘குட்டி’ என்று பெயர் விழுந்துவிட்டது. குண்டுகளைக் கடைந்து கொடுத்தது லேத்துக்காரர். வாயில் எப்போதும் ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும் மனுஷர். அண்ணி அவருடைய உயிரை எடுத்துவிட்டாள். குண்டில் ஒரு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பினாள்.

"ஏம்மா, இது குண்டா, கல்யாணப் பொண்ணுக்கு நகையா?" என்று அவர் பென்சிலை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"நகைன்னா விட்டிருப்பேன் அண்ணே. இதுல முள்ளு மாதிரி ஒரு துளி இருந்தாலும் கரண்ட் அங்கேதான் போய்க் குந்தும்."

குட்டியை முதலில் பெட்டி இல்லாமல், மேசைமேல் திறந்த வெளியில் விரித்து வைத்துத்தான் ஓட்டிப் பார்த்தாள். இருபதாயிரம் ஏற்றவில்லை, கொஞ்சமாகத்தான். அடிக்கு முன்னால் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இயக்குகிறவர் "யார் உள்ளே?" என்று உரக்கக் கேட்க வேண்டும். கம்பி வேலிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக "நான் வெளியே" என்று சொல்ல வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் பொத்தானில் கை வைக்கக்கூடாது. அன்று அண்ணி கேட்டாள், நாங்கள் சொன்னோம், அவள் அழுத்தினாள். ‘பட்!’ பத்துப் பொறிகளும் ஒன்றாக! மறுபடி அழுத்தினாள். ‘பட்!’ அப்பாடா! லேத்துக்காரர் தாமே பெற்ற பிள்ளை மாதிரி மார்தட்டிக்கொண்டார்.

சாயங்காலம் நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் கேட்டான்: "வெடிச்சுதா?"

"வெடிச்சுது! எல்லாம் வெடிச்சுது!" என்று வாண்டுவைத் தூக்கிச் சுற்றினாள் அண்ணி. பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. பெட்டிக்குள் போனதும் குட்டி அடம்பிடிக்க ஆரம்பித்தது.

நாலு சாணுக்குள் பத்து மாடி என்றால் நெருக்கடி. முழு அழுத்தத்தில் பொறி குண்டுகளுக்கு நடுவே போகாமல் குறுக்கே எங்காவது தாவிவிடும். அதைத் தடுக்க மாடிக்கு மாடி ஒரு அக்ரிலிக் தகட்டைக் குறுக்கே போட்டாள். கண்ணாடி மாதிரி பளிங்காக இருக்கும் அக்ரிலிக். குண்டுகள் எல்லாம் பெட்டியின் முன்பக்கம் ஒரே நேர்க்கோட்டில். மூடிய பெட்டிக்குள் நைட்ரஜன் நிரப்ப வேண்டும் என்பதால், அது எல்லா மாடிக்கும் பரவுவதற்குத் தகட்டின் பின்பக்கம் ஒரு நாணயம் அளவுக்கு ஓட்டை. பெட்டியின் முகத்தில் பார்ப்பதற்கு ஒரு ஜன்னல். "எந்த மாடியில பொறி பாயுது, எதுல பாயலன்னு ஒண்ணு விடாம தெரியும்டி, அதுக்குத்தான் தெளிவான தகடு!" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். பெரிய சார்கூடத் தலையை ஆட்டிப் பாராட்டினார். பார்க்க அத்தனை அழகு.

அழகு இருந்து என்ன செய்ய? அழுத்தினால் ‘பட்’ வரவில்லை. ‘டிக்’ என்றது. கீழ்மாடியில் மட்டும் ஒரு பொறி, மேலே ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினால் ‘பட்’. சரி என்று நினைத்தால் அடுத்தது ‘டிக்’. அதற்கடுத்ததும் ‘டிக்’. எந்த அடி விழும், எந்த அடி விழாது என்று யாருக்கும் தெரியவில்லை. குண்டுகளை நெருக்கி வைத்தாள், விலக்கி வைத்தாள். நைட்ரஜனைக் கூட்டினாள், குறைத்தாள். கபாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். குட்டி எல்லோருக்கும் தண்ணி காட்டியது. கமிட்டி வரப்போகும் நாளும் தீர்மானமாகிவிட்டது.

அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் ஒரு நாள் காலையில் மாடிக்கு வந்து, சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தூக்கத்துல ‘யார் உள்ளே’ன்னு கத்தறா. நான் ‘நான் வெளியே’ன்னு சொன்னாத்தான் அடங்கித் தூங்கறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "அவளை அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டான். "பெட்டி ஓடலைன்னா அனுப்பிடுவாங்கண்ணா" என்றேன். வேறென்ன சொல்வது?

கமிட்டி வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணி குட்டியை அக்கு அக்காகக் கழற்றினாள். தகடுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். என்னோடு ஏதோ வம்பளந்துகொண்டே மறுபடி எல்லாவற்றையும் மாட்டினாள். நைட்ரஜன் நிரப்பினோம். "யார் உள்ளே?" "நான் வெளியே." அழுத்தினாள்.

‘பட்!’

மறுபடி. ‘பட்!’ மறுபடி, மறுபடி, மறுபடி! எப்போதாவது ஒரு ‘டிக்’ வந்தது, அவ்வளவுதான். என் பாத்திரத்து ஜன்னலில் ஊதா வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சத்தம் கேட்டுப் பெரிய சாரே ஓடிவந்து பார்த்தார். "நல்லா வந்துடுச்சும்மா. இனிமே இது மேல கை வைக்காதே, அப்படியே விடு" என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார்.

நான் தேநீர் எடுத்துவரப் போய்த் திரும்பினால், அண்ணி டார்ச் லைட்டை அடித்துக்கொண்டு குட்டியின் ஜன்னலில் மூக்கை ஒட்டியிருந்தாள்.

"அடியே, கீழ்த்தகட்டை முன்பின்னா மாட்டியிருக்கேன். ஓட்டை பின்னால இருக்கணும், முன்னால வந்துடுச்சு பாரு."

"வந்தா வந்துட்டுப் போகட்டும் அண்ணி. ஓடுதில்ல? விடுங்க."

"எப்படிடி விடறது? தப்பா இருக்கே!"

எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி. தப்பு என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், எர்த் குச்சியால் குட்டியை மேலிருந்து கீழ்வரை தொட்டு, மிச்சம் மீதி மின்சாரத்தை இறக்கிவிட்டு, பெட்டியைத் திறந்து அந்த ஒரு தகட்டைச் சரியாகத் திருப்பி மாட்டினாள். மறுபடி நைட்ரஜன். "யார் உள்ளே?" "நான் வெளியே."

‘டிக்.’

போச்சுடா! ‘டிக்.’ ‘டிக்.’ ஒரு ‘பட்.’ மறுபடி ‘டிக்.’

எனக்கு வந்ததே கோபம்! "சும்மா இருந்ததைக் கெடுத்துட்டீங்களே அண்ணி! உங்களுக்குக் கை சும்மாவே இருக்காதா? அவர்தான் கை வைக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! இப்ப என்ன செய்யப் போறீங்க? மூட்டையைக் கட்டிக்கிட்டு யூபிஎஸ் பக்கம் போங்க!"

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. பொத்தான் மேலேயே விரலை வைத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றாள். ஐயையோ, ரொம்பப் பேசிவிட்டோமோ என்று எனக்குப் பக்கென்றது. பார்த்தால் அவள் குதிக்க ஆரம்பித்தாள். நிஜமாகவே, வாண்டு குதிக்கிற மாதிரி, இரண்டு காலையும் தூக்கிக் குதித்தாள்.

"ஓட்டைடி! சூன்யக்காரி, ஓட்டை! ஒண்ணை ஒண்ணு பார்க்கணும்டி!"

"யாரை யாரு பார்க்கணும்? முதல்ல உட்காருங்க."

உட்கார்ந்தால்தானே! நடந்துகொண்டே, கையை ஆட்டிக்கொண்டே, மூச்சு வாங்கச் சொன்னாள். பொறி பாயும்போது வருகிற வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கு உண்டு, புற ஊதா. கீழ்மாடிப் பொறியின் புற ஊதா அடுத்த மாடிக் குண்டுகள் மேல் விழுந்தால், அங்கே பொறி தயங்காமல் கிளம்பும். விழாவிட்டால், வரலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே நிற்கும். மேசைமேல் விரித்து வைத்திருந்தபோது எல்லாக் குண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு அடி தவறவில்லை. பெட்டிக்குள் தகடு குறுக்கே வந்துவிட்டது. பளிங்குத் தகடுதானே, வெளிச்சம் போகத்தானே செய்யும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் போனது. தேவையான வெளிச்சத்தை அக்ரிலிக் விழுங்கிவிட்டது!

"நமக்கு நல்லாத் தெரியுதுன்னு பார்த்தோமே ஒழிய, குண்டுக்குத் தெரியுதான்னு பார்த்தோமாடி?" என்றாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கீழ்த்தகடு தவறிப்போய்த் திரும்பியதில் அந்த நாணய அளவு ஓட்டை குண்டுகளுக்கு நேராக வந்து, முதல் இரண்டு மாடிக்கு மட்டும் பார்வை கிடைத்திருக்கிறது. அதற்கே அந்தப் போடு போட்டது!

இருவரும் பெரிய சார் அறைக்கு ஓடினோம். அவர் முழுவதையும் கேட்டார். முகம் மலர்ந்தது. "பிரமாதம்மா! அப்போ கீழ்த்தகட்டை மறுபடி திருப்பி மாட்டிட்டு விட்டுடு."

"இல்லை சார். எல்லாத் தகட்டையும் திருப்பணும். கீழ ஒண்ணை மட்டும் திருப்பினா எப்பவாவது ஒண்ணு தவறுது. எல்லாத்தையும் திருப்பினா ஒண்ணுகூடத் தவறாது."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. எல்லா ஓட்டையும் ஒரே நேராக வந்தால் அடியிலிருந்து உச்சி வரைக்கும் திறந்த பாதை. முழு அழுத்தத்தில் பொறி குண்டுகளை விட்டுவிட்டு அந்த ஓட்டைகளின் விளிம்பில் ஏறி ஓடினால், அக்ரிலிக்கில் கறுப்பாக ஒரு கோடு எரிந்துவிடும். ஒரு தடவை அந்தக் கோடு விழுந்தால் அப்புறம் பொறி எப்போதும் அதே வழியில்தான் போகும், தகடு குப்பைக்குத்தான். மாற்றுத் தகடும் எங்களிடம் இல்லை.

"உன் பெட்டி, உன் இஷ்டம்" என்றார். "ஆனா கமிட்டி முன்னாடி எரிஞ்சுதுன்னா, உனக்காக நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசவும் முடியாது."

வெளியே வந்ததும் நானும் என் பங்குக்குக் கெஞ்சினேன். "பத்துக்கு ஒண்ணு தவறினா என்ன அண்ணி? யாரு எண்ணிக்கிட்டு இருக்கப் போறாங்க? இங்க இருக்கணும்னுதானே தவிச்சீங்க? ஏன் கைக்கு வந்ததைக் காலால உதைக்கறீங்க?"

"தவறுற அடிக்கு உன் பாத்திரத்துல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"அளவு எடுக்கறவன் அந்த நேரத்துல எதை அளப்பான்? ஒவ்வொரு அடிக்கும் உன் காமிராவும் மானியும் காத்துக்கிட்டு நிக்குதுடி. எனக்கு வழி தெரியாம இருந்திருந்தா விட்டிருப்பேன். தெரிஞ்சும் அரைகுறையா ஒண்ணைக் காட்டி இங்க உட்கார்ந்துக்க எனக்கு வேண்டாம்."

அதற்கு மேல் ஒற்றைக்காலில் நிற்கிறவளிடம் என்ன பேச? இரண்டு பேரும் லேத்துக்காரரிடம் போனோம். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் அவர் துணியால் தேய்த்துத் தேய்த்து உருட்டிக் கொடுத்தார், கூர் இருந்தால் பொறிக்குப் பிடிமானம் கிடைத்துவிடும் என்பதால். இந்த முறை அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. மறுநாள் பூராவும் அந்த வேலையிலேயே போயிற்று. அதற்கடுத்த நாள் மதியம் கமிட்டி வருவதாக இருந்ததால், அன்று காலையில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று திட்டம். காலையில் குட்டியைப் பூட்டி நைட்ரஜன் ஏற்றி முடிக்கிற நேரத்தில் பெரிய சார் கதவைத் திறந்தார். பின்னால் மூன்று பேர். "சீக்கிரமே வந்துட்டாங்கம்மா" என்றார். அவர் குரலே சரியில்லை.

ஒரு அடிகூட அடித்துப் பார்க்காத பெட்டி! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி மட்டும் வந்தவர்களைக் கம்பி வேலிக்கு வெளியே வரிசையாக நிற்க வைத்தாள். "நான் யார் உள்ளேன்னு கேட்பேன். ஒவ்வொருத்தரும் நான் வெளியேன்னு சொல்லணும். சொன்னாத்தான் அடிப்பேன்" என்றாள். மூவரில் இருவர் தயங்கினார்கள். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மா மட்டும், வேறு ஏதோ ஆய்வுக்கூடத்தின் தலைவியாம், உற்சாகமாகத் தலையசைத்தார்.

"யார் உள்ளே?"

"நான் வெளியே!" அந்த அம்மாவின் குரல்தான் எல்லோரையும் விட உரக்க வந்தது.

முழு இருபதாயிரம் ஏறியது. அண்ணியின் விரல் பொத்தானில் இறங்கியதை நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

‘பட்!’

கண்ணைத் திறந்தால் என் பாத்திரத்தின் ஜன்னலில் ஊதா! இதுவரை பார்த்த ஊதா எல்லாம் ஊதாவே இல்லை என்கிற மாதிரி! ஸ்கோப் திரையில் அடியின் கோடு கத்தியால் சீவினாற்போல நேராக மேலே எழுந்து நின்றது. என் மானிகள் ஒன்றுகூட அசையவில்லை. அண்ணி மறுபடி அழுத்தினாள். ‘பட்!’ மறுபடி. ‘பட்!’ நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ‘டிக்’ வந்துவிடுமோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் ‘பட்’ என்றுதான் வந்தது. எண்ண ஆரம்பித்த பெரிய சார் நடுவே எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சும்மா சிரித்துக்கொண்டு நின்றார். வாசலில் லேத்துக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பட்’டுக்கு ஒரு தடவை அவர் தலை ஆடியது.

"போதும், போதும்" என்றார் அந்த அம்மா. "திறங்க. தகட்டைப் பார்க்கணும்."

அதுதான் பரீட்சை. அண்ணி எர்த் குச்சியால் தொட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். டார்ச்சை வாங்கி அந்த அம்மா ஒவ்வொரு தகடாக, ஒவ்வொரு விளிம்பாக அடித்துப் பார்த்தார். நானும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஒரு கறுப்புக் கோடு இல்லை. ஒரு புள்ளி இல்லை. தகடு தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"யாரு செஞ்சது இதை?"

"இவதாங்க" என்று பெரிய சார் அண்ணியைக் காட்டினார். "பழுதுப் பிரிவுலேர்ந்து இரவலா வந்தவ."

"இரவலா?" அந்த அம்மா டார்ச்சை அணைத்தார். "அப்ப ரொம்ப வசதியாப் போச்சு. எங்களுக்கு இரவல் குடுத்துடுங்க. எங்க கூடத்துலயும் ஒரு பழைய பூதம் இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. உங்க பழுதுப் பிரிவுல நானே பேசிக்கறேன்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. பெரிய சார் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை: "அதெல்லாம் முடியாதுங்க. என்ன இரவல், பிரிவுன்னுட்டு? இவ எங்க ஆளு. உங்களுக்கு வேணும்னா இவளை இங்க வச்சே ஒண்ணு செஞ்சு தரச் சொல்றேன். ஆளைத் தர மாட்டேன்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே மற்ற இருவரோடு ஸ்கோப்பைப் பார்க்கப் போனார். அண்ணி திறந்த பெட்டியின் பக்கத்தில் எர்த் குச்சியைப் பிடித்தபடி நின்றாள். கூட்டத்தில் அத்தனை பேர் நடுவே கத்தினவள், இப்போது பக்கத்தில் இருக்கும் எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டாள்:

"சார், அப்ப நாளைக்கு நான் எங்க வரணும்?"

பெரிய சார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இங்கதாம்மா. வேற எங்க வருவே?"

அண்ணி குச்சியைக் கீழே வைத்தாள். பத்திரமாகத்தான் வைத்தாள். அப்புறம் என்மேல் வந்து விழுந்து, கமிட்டி, பெரிய சார், லேத்துக்காரர் எல்லோரும் பார்க்க, விக்கி விக்கி அழுதாள். சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "விடுங்க அண்ணி, எல்லாரும் பார்க்கறாங்க" என்றேன். விடவில்லை. நானும் இரண்டாம் தடவை விடச் சொல்லவில்லை.